வீட்டுத் தோட்டத்துக்குக் கழிவுநீர்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் மானாவாரி விவசாயம் செய்யும் இருபது குடும்பங்களுக்கு வீட்டுத் தோட்டம், ஊட்டச்சத்து, சுகாதாரம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுவதால், முருங்கையிலும் அரைக்கீரையிலும் தொடங்கினோம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும் என்பதையும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும் என்பதையும் பெண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். (தேநீரைத் தள்ளிப்போடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் சேர்த்து.)

சிக்கல் தண்ணீரில்தான். கோடையில் பாத்திரம் கழுவும் நீரையும் துணி துவைக்கும் நீரையும், கல்வாழை வைத்த குழி வழியாகப் பாத்திகளுக்குத் திருப்புகிறோம். ஆனால் சோப்புத்தூள் கலந்த நீர் பாய்ந்த இடத்தில் கீரையின் இலை விளிம்பு கருகி, மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பச்சையாக உண்ணும் காய்களுக்கு இந்நீரை விட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். வறண்ட பகுதிகளில் இதைச் செய்து பார்த்தவர்கள், குழியில் சரளை, மணல், கரி ஆகியவற்றை எந்த அளவில் அடுக்கினீர்கள், துவைத்த நீரைத் தனியே பிரித்தீர்களா, வாழை தவிர வேறு எந்தப் பயிர் தாங்கியது என்பதை விளக்கமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.