பழைய மரச் சன்னலைச் சரிசெய்வதா, கழற்றிவிட்டுப் புதுசு போடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க

உடுமலைக்காரன்

உடுமலைக்கு மேற்கே எங்கள் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு. சன்னல் எல்லாம் மரம்தான். நெட்டுக்குக் கம்பி வைத்து, பலகைக் கதவு போட்டது. மேற்குப் பக்கத்தில் இருப்பவை அடியில் இற்றுப் போய்விட்டன. ஒன்று மழைக்காலம் வந்தால் மூடவே முடிவதில்லை. தம்பி மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடி வைத்த சன்னல்) போடலாம் என்கிறான். அம்மாவுக்கு மனசில்லை. இரண்டில் எதையாவது செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்குமுங்க.

ஆனைமலை மாமா

நாங்கள் பங்காளிகள் மூன்று பேர் ஒரே தொட்டிக்கட்டு வீட்டைப் பிரித்துக்கொண்டவர்கள். ஒரே காலத்து மரம், ஒரே ஆசாரி கை. பெரியவர் எல்லாவற்றையும் மாற்றினார், நடுவுள்ளவர் ஒன்றும் செய்யவில்லை, நான் சரிசெய்தேன். அதனால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் காற்றைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் மேற்குச் சுவரை விடாமல் அடிக்கும். கூடவே வருகிற சாரல் பலகையில் வழிந்து, கதவின் கீழ்ச்சட்டத்தில் வந்து நிற்கும். அழுகல் ஆரம்பிப்பது அங்கேதான். அதற்கு மேலே இருக்கிற மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் வீட்டில் கிழக்கு, வடக்குச் சன்னல்கள் இன்னமும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. மொத்தமும் போச்சு என்று யார் வந்து சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். இது ஒவ்வொரு சன்னலாகப் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீழ்ச்சட்டம், நிலையின் அடி, கீல் பதிந்த இடம் மூன்றிலும் குத்துங்கள். நுனி மட்டும் பதிந்தால் மரம் நல்ல மரம். மொதமொதவென்று உள்ளே இறங்கினால் அந்த அளவுக்கு வெட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஆசாரி செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கதவைக் கீலோடு கழற்றிப் படுக்கப் போட்டு, அழுகல் முடிகிற இடத்திலிருந்து ஒரு விரற்கடை நல்ல மரத்துக்குள் தள்ளிக் கோடு கிழித்தார். நேராக அறுக்கவில்லை, சாய்வாக அறுத்தார். ஒட்டுகிற முகம் அகலமாகக் கிடைத்தால்தான் பிடிமானம். சாய்வு வெளிப்பக்கமாக இறங்கினால் தண்ணீரும் ஒட்டுக்குள் போகாது. ஒட்டுக்கு எடுத்தது உத்திரத்தில் மிச்சமாகிக் கிடந்த பழந்தேக்கு. காயாத புது மரத்தை வைத்தால் அது சுருங்கி ஒட்டு வாய் பிளந்துவிடும் என்றார். கடைசியாகக் கீழ்ச்சட்டத்தின் அடியில், வெளி ஓரத்தை ஒட்டி நீளத்துக்கும் ஒரு சின்னக் காடி இழுத்துவிட்டார். வழிந்து வருகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே சொட்டிவிடும். பழைய கதவில் அது இல்லை. இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

எங்கள் ஆனைமலைக் காட்டில் இருக்கிற டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர் வந்ததே மேலே வெட்டிய மரங்களை அங்கிருந்து சரிவில் நழுவவிட்டதால்தான் என்பார்கள். அந்தக் காலத்து மரம் முற்றிய மரம், வைரம் பாய்ந்தது. இப்போது தேக்கு என்று கடையில் வருவதில் பாதி சின்ன வயது மரம். ஓரத்து வெள்ளை அதிகம், அந்த வெள்ளையில் பூச்சி சீக்கிரம் விழும். பழைய தேக்குச் சன்னலை எடுத்துவிட்டுப் புதுத் தேக்கு போடுவது எனக்குப் புரியவே புரியாத விசயம்.

பெரியவர் வீட்டில் நிலையைப் பிடுங்கும்போதுதான் கூத்து. எங்கள் வீட்டில் சன்னலுக்கு மேலே கான்கிரீட் லிண்டல் கிடையாது. தடித்த மரப்பலகைதான் மேல்சுவரைத் தாங்குகிறது. நிலையின் கொம்புகளும் சுவருக்குள் போயிருக்கின்றன. சுண்ணாம்புக் காரைச் சுவர் வேறு. தட்டத் தட்டக் காரை பெயர்ந்து, சன்னலைவிட ஓட்டை பெரிதாகிவிட்டது. அப்புறம் கொத்தனார், சிமெண்ட், பூச்சு, பெயிண்ட். சன்னலுக்கு விலை பேசியவர் இதில் ஒன்றையும் கணக்கில் சொல்லியிருக்கவில்லை. போட்டது நகர்த்துகிற வகை. ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்பதால் எப்போது திறந்தாலும் பாதிதான் காற்று. முன்பெல்லாம் மதியம் பலகையைச் சாத்தினால் குளுகுளுவென்று கிடந்த அறையில், இப்போது கண்ணாடி வழியாக வெயில் இறங்குகிறது.

ஆனால் ஒன்று, அவர் வீட்டில் சாரல் ஒரு சொட்டு உள்ளே வருவதில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நடுவுள்ளவர் மேற்குச் சன்னலுக்கு உரச்சாக்கைக் கட்டி வைத்திருக்கிறார்.

திருப்பூர் அக்கா

மாமா சொல்வது தோட்டத்து வீட்டுக்குச் சரிங்க. எங்கள் வீடு மெயின் ரோட்டு மேல். லாரி, பஸ், பனியன் கம்பெனி வண்டி என்று ராத்திரி பன்னிரண்டுக்கும் ஓய்வதில்லை. அத்தைக்கு வீசிங் வேறு. பலகைச் சன்னலை எவ்வளவு சரிசெய்தாலும் இடுக்கு வழியாகத் தூசி வரத்தான் செய்யும்; முழுசாகச் சாத்தினால் இருட்டு. ரோட்டுப் பக்கம் மட்டும் யூபிவிசி போட்டோம். நகர்த்துகிறது வேண்டாம் என்று கதவு மாதிரித் திறக்கிறதாகக் கேட்டு வாங்கினோம். சாத்தும்போது நான்கு பக்கமும் ரப்பர் அமுங்கிப் பிடித்துக்கொள்வதால் சத்தமும் தூசியும் நன்றாகவே குறைந்தன.

வாங்கப் போனால் சட்டத்தை அறுத்த துண்டைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும், அதற்குள் துத்தநாகம் பூசிய இரும்பு போயிருக்க வேண்டும். பெரிய சன்னலுக்கு அது இல்லையென்றால் உங்கள் ஊர்க் காற்றுக்குச் சட்டம் வளையும். ரப்பர், கைப்பிடி, கீல் எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சட்டமே உடைந்தால் மாமாவின் ஆசாரி மாதிரி ஒட்டுப்போட வழியில்லை.

கோபி மருமகள்

சரிசெய்யப் போகிறவர்கள் பெயிண்டைச் சுரண்டும் முன் கொஞ்சம் நில்லுங்க. எங்கள் மாமனார் வீட்டுச் சன்னலைச் சுரண்டினால் மேலே பச்சை, அடியில் நீலம், அதற்கும் அடியில் காவி. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் மிஷினில் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கிற சங்கதி அது. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், அடியில் தார்ப்பாய் விரித்து, தூளை வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்ததால் கதவுகளைக் களத்துக்குத் தூக்கிப் போய்த்தான் செய்தோம்.

செல் (கரையான்) ஏறியிருந்தால் மரத்துக்கு மட்டும் மருந்தடித்துப் பிரயோசனமில்லை. அது மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. சுவர் ஓரத் தரையில் துளை போட்டு மருந்து இறக்கிவிட்டுத்தான் மரத்தைத் தொட வேண்டும்.

உடுமலைக்காரன்

மூவருக்கும் நன்றிங்க. குத்திப் பார்த்துவிட்டேன். மேற்கில் ஒன்று நிலையோடு போய்விட்டது, மற்றதில் கீழ்ச்சட்டம் மட்டும்தான். அந்த மூடாத சன்னலில் மரம் கெட்டியாகவே இருக்கிறது. அதை இழைத்துவிட்டால் போதுமா?

ஆனைமலை மாமா

இப்போது இழைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். அப்போது இழைத்தால் சித்திரையில் அதே இடம் விரலே நுழைகிற அளவுக்கு விரிந்துவிடும். மாசி, பங்குனியில் கதவைக் கழற்றி, முதலில் ஓரத்துப் பெயிண்டை மட்டும் வழித்துவிட்டு மாட்டிப் பாருங்கள். பாதிக் கதவுகள் பிடிப்பது மரத்தால் இல்லை, பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்த தடிமனால். அப்புறமும் பிடித்தால் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு இழைக்கலாம். நிலையோடு போன சன்னலுக்கு எதைப் போட்டாலும் சரி, கொத்தனாரைக் கூட்டி மேல்பலகையைக் காட்டிவிட்டுக் கை வையுங்கள்.

இன்னொன்று, பெயிண்டர் கிளம்பும் முன் கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அங்கே பிரஷ்ஷே வைத்திருக்க மாட்டார்கள். நெட்டுச் சட்டத்தின் வெட்டு முனை அங்கேதான் இருக்கிறது, தண்ணீர் குடிப்பதும் அந்த வழியாகத்தான்.