மகனின் சாட்டிலைட் கருவியில் அவசரத் தொடர்புக்கு என் எண்: எப்போது உதவி கேட்க வேண்டும்?

திருநகர் அம்மா:

வணக்கம். என் மகன் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் நண்பர்கள் இருவருடன் சியரா நெவாடா மலையில் ஜான் மியூர் பாதையின் தென்பகுதியை நடக்கப் போகிறான். வழியில் பெரும்பாலும் கைப்பேசி எடுக்காதாம். அதற்காகக் கார்மின் இன்ரீச் என்ற சாட்டிலைட் கருவி வாங்கியிருக்கிறான். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பக்கவாட்டில் ஒரு சிறு மூடி, அதற்குள் ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்ஓஎஸ் பொத்தான். வீடியோ அழைப்பில் அந்த மூடியைத் திறந்து காட்டினான்.

அவசரத் தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். அவன் நடக்க நடக்க வரைபடத்தில் புள்ளி விழுகிற இணைப்பும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் சோதனையாக ஒரு நடை போனபோது, காலையில் நான் பார்த்த புள்ளி மாலை விளக்கேற்றும்வரை நகரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று சிரிக்கிறான்.

புள்ளி எவ்வளவு நேரம் நின்றால் நான் கவலைப்பட வேண்டும்? பொத்தானை அழுத்தினால் தகவல் போகிற உதவி மையத்திலிருந்து என்னை அழைத்தால் என்ன சொல்வது? "உயிர் போகிற நிலை வந்தால்தான் அழுத்துவேன்" என்கிறான். அதுவரை காத்திருப்பது சரியா? சிறுவயதில் அவனுக்கு இழுப்பு உண்டு, இன்றும் குளிர்காலத்தில் இன்ஹேலர் எடுக்கிறான். இன்னொன்று, டிசம்பரில் ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவந்து சிறுமலைக்கும் சதுரகிரிக்கும் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகமலை நடையர்:

அம்மா, முதலில் அந்தப் புள்ளியைப் பார்ப்போம். ஆகஸ்டில் கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மதுரையில் காலை ஒன்பது என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. நமக்கு மாலை ஆறரை ஆகும்போதுதான் அங்கே காலை ஆறு. உங்கள் பகல் முழுவதும் தம்பி கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் படுக்கப் போகிற நேரத்தில்தான் புள்ளி நகரத் தொடங்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கலிஃபோர்னியா நேரத்துக்கு இன்னொன்று மாட்டிவிடுங்கள், பாதிக் கவலை அதிலேயே போய்விடும்.

நடக்கிற நேரத்திலும் புள்ளி விட்டு விட்டுத்தான் வரும். கருவி இரிடியம் செயற்கைக்கோள்களோடு பேசுகிறது, அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கு, அடர்ந்த மரங்கள், பைக்குள் புதைந்த கருவி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், செய்தி தாமதப்படும். பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தடம் அனுப்புவதை அவரே நிறுத்தியும் வைத்திருக்கலாம்.

ஆகவே புள்ளியை நம்பாதீர்கள், பேசி வைத்த செய்தியை நம்புங்கள். "கூடாரம் போட்டாயிற்று", "கிளம்புகிறோம்" என்று முன்கூட்டியே எழுதி வைத்த செய்திகளை ஓரிரு அழுத்தில் அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. மாலைச் செய்தி மதுரை நேரம் காலை ஒன்பதுக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வராவிட்டால் நீங்கள் ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். அன்றிரவு கிளம்பும் செய்தியும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால், கூட நடக்காமல் அமெரிக்காவில் ஊரில் இருக்கும் அவர் நண்பர் ஒருவரை அழையுங்கள். எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு யாரை அழைப்பது என்பதை மகனே கிளம்புவதற்கு முன் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை இங்கே உட்கார்ந்து நீங்கள் தனியாகப் போடக் கூடாது.

திரும்பி வந்தவர்:

நான் அந்தப் பக்கம் சில ஆண்டுகள் இருந்து இப்போது மதுரைக்கே வந்துவிட்டேன், அக்கா. பொத்தானை அழுத்தினால் தகவல் டெக்ஸாஸில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கார்மினின் மையத்துக்குப் போகும். அவர்கள் கருவிக்கே செய்தி அனுப்பி என்ன நடந்தது என்று கேட்பார்கள், அந்தப் பகுதி மீட்புப் பொறுப்பாளருக்குத் தகவல் கொடுப்பார்கள், அவசரத் தொடர்பு எண்களையும் அழைப்பார்கள். மலைக்குப் போகிறவர்கள் அவர்கள் அல்லர். தென்பகுதியில் பெரும்பங்கு சிகோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களுக்குள் வருகிறது. அங்கே பூங்கா ரேஞ்சர்கள் பார்ப்பார்கள். விட்னி சிகரத்தின் கிழக்குச் சரிவு இன்யோ கவுண்டி ஷெரிஃப், அதாவது அந்த மாவட்டக் காவல் தலைவர், பொறுப்பு.

உங்களை அழைத்தால் கேட்கப் போவது இவைதான்: எத்தனை பேர், எந்த வழி, எந்த நாள் எங்கே தங்கத் திட்டம், யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாளுக்கு உணவு, கூடாரமும் மேல்சட்டையும் என்ன நிறம். நிறத்தை ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றும். மேலிருந்து தேடுகிறவருக்கு அதுதான் கண்ணில் படும். மூவரும் பையோடு நிற்கும் ஒரு படமும், பூங்கா கொடுத்த அனுமதிச் சீட்டின் நகலும் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.

இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தியாவிலிருந்து 911 அழுத்தினால் அமெரிக்காவுக்குப் போகாது. பூங்காவின் அவசரப் பிரிவு, ஷெரிஃப் அலுவலகம் இரண்டின் நேரடிப் பத்து இலக்க எண்களை முன்னதாக வாங்கி, முன்னால் +1 சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்து, மோசடி அழைப்புகளுக்குப் பயந்து வெளிநாட்டு எண்களை நாம் எடுப்பதில்லை. அந்த நாட்களில் மட்டும் எடுங்கள், இரவிலும் மணி ஒலிக்கட்டும். இன்னும் நல்லது, முதல் எண்ணாக அமெரிக்காவில் இருக்கும் நண்பரைக் கொடுத்துவிட்டு உங்களை இரண்டாவதாக வைப்பது.

பழங்காநத்தம்:

மகன் சொல்வதில் தவறு என்ன? மீட்க வருகிறவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் வருகிறார்கள். கால் வலிக்கும் பசிக்கும் பொத்தானை அழுத்துகிறவர்களால் உண்மையில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவி தாமதமாகிறது. கடைசிக் கட்டத்துக்குத்தான் அது. ஹெலிகாப்டர் வந்தால் பணமும் கேட்பார்களே.

வார்டு செவிலியர்:

கொப்புளத்துக்கும் களைப்புக்கும் அழுத்தக் கூடாது என்பது சரி, அண்ணா. ஆனால் "உயிர் போகிற நிலை" வரைக்கும் காத்திருந்தால் வருகிறவர்கள் கையில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நேரம்தான் மருந்து.

உயிர், கை கால், கண் பார்வை, இவற்றில் ஒன்றுக்கு ஆபத்து வருமா என்று கேட்டுப் பார்க்கலாம். அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, அரைமயக்கம். நெஞ்சுவலி. எலும்பு முறிந்து ஊன்ற முடியாத கால். வெயிலில் நடந்து உடல் கொதித்து உளறுவது. இவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

அந்தப் பாதையில் உயரம் பெரிய விஷயம். நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே ஃபாரஸ்டர் கணவாய் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது, விட்னி 4,421 மீட்டர். உயரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுக்கலாம், தணியாவிட்டால் இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது என்றால் அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டதாக இருக்கலாம். உடனே கீழே இறங்கத் தொடங்க வேண்டும், பொத்தானையும் அழுத்த வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. தம்பிக்கு இழுப்பு இருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றால் அழுத்திவிட வேண்டும். இன்ஹேலரைக் குளிரில் விடாமல் உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒன்று நண்பர் பையில்.

நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. முடிவை நோயாளியிடம் விடாதீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது முதலில் கெடுவது அவருடைய தீர்ப்புதான். "எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்" என்றுதான் சொல்வார். மூன்று பேருக்கும் கருவியை இயக்கத் தெரிய வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மற்ற இருவர் அழுத்தலாம் என்று கிளம்புவதற்கு முன்பே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தவர்:

பழங்காநத்தம் அண்ணனுக்கு: தாமதம் மீட்பவர்களுக்கும் ஆபத்துதான். ஆகஸ்ட் பிற்பகல்களில் சியராவில் இடிமழை சாதாரணம், இருட்டில் ஹெலிகாப்டர் இறங்குவது கடினம். இரண்டு மணிக்குக் கால் முறிந்ததை ஆறு மணிக்குச் சொன்னால், அதே வேலையை அவர்கள் ராத்திரியில் செய்ய வேண்டியிருக்கும். இந்தக் கருவியில் இருவழிச் செய்தி உண்டு. "கணுக்கால் வீங்கியிருக்கிறது, உணவும் கூடாரமும் இருக்கின்றன, காலைவரை தாங்கும்" என்று எழுதினால் அதற்கேற்ற உதவியைத்தான் அனுப்புவார்கள். ஆபத்துக் குறியை மட்டும் அனுப்பும் பீக்கன் கருவியில் அப்படி விளக்க முடியாது. வழி தவறியது, உணவு குறைந்தது போன்றவற்றுக்கு எஸ்ஓஎஸ் வேண்டாம், சாதாரணச் செய்தியே போதும். தேசியப் பூங்காவுக்குள் தேடி மீட்பதற்குப் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. மருத்துவ ஹெலிகாப்டரும் மருத்துவமனையும் வேறு கணக்கு, அதற்குக் காப்பீடு இருக்கிறதா என்று தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

போடி மெட்டு:

டிசம்பர் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. அம்மா, அந்தக் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ இப்படிப்பட்ட செய்திக் கருவியோ இங்கே வைத்திருப்பது குற்றம். 1885, 1933 ஆண்டுகளின் தந்திச் சட்டங்கள் காலத்திலிருந்து வருகிற கட்டுப்பாடு இது. விவரம் தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள்.

இங்கே உதவி வேறு வழியில் வருகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மலையேறித் தூக்கி வந்தார்கள், விமானப்படை ஹெலிகாப்டரும் வந்தது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாகப் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். சதுரகிரி போவதென்றால் அன்று அடிவாரத்தில் உள்ள தாணிப்பாறையில் மேலே விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டிசம்பரில் மழை பிடித்தால் ஓடைகளில் நொடியில் வெள்ளம் வரும்.

ஆபத்து என்றால் 112, ஆம்புலன்சுக்கு 108. உங்கள் நெட்வொர்க் எடுக்காத இடத்திலும் வேறு நெட்வொர்க் இருந்தால் 112 போகக்கூடும், அதனால் சிக்னல் இல்லை என்று விட்டுவிடாமல் அழுத்திப் பாருங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமலும் இருப்பிடத்தைக் காட்டும். அது காட்டும் இருப்பிட எண்களைத் தாளில் எழுதி, நன்றாக நடக்கக்கூடிய இருவரிடம் கொடுத்துக் கீழே அனுப்புங்கள். அடிபட்டவரோடு ஒருவராவது இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அந்தக் காலை அசைக்காமல் தூக்கி வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

திருநகர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மகனிடம் பேசினேன். முதல் எண்ணாகச் சான் ஓசேயில் இருக்கும் அவன் நண்பனை வைக்க ஒப்புக்கொண்டான். செவிலியர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். நண்பர்கள் இருவருக்கும் கருவியைச் சொல்லிக் கொடுத்து, இழுப்பு வந்தால் அவர்களே முடிவெடுக்கலாம் என்று குழுச் செய்தியிலும் எழுதிவிட்டான். கருவி ஊருக்கு வராது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: பையில் அழுந்தித் தவறுதலாகச் செய்தி போய்விட்டால்?

நாகமலை நடையர்:

மூடி இருப்பதும், சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதும் அதற்காகத்தான். அப்படியும் போய்விட்டால் பயந்து கருவியை அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் நிஜ ஆபத்து என்றுதான் நினைப்பார்கள். கருவியிலேயே ரத்து செய்துவிட்டு, "தவறுதலாக அழுந்திவிட்டது, மூவரும் நலம்" என்று மையத்துக்கு எழுதி, அவர்கள் பதில் வரும்வரை வானம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அதே நேரத்தில் உங்களுக்கும் அழைப்பு வரலாம். நீங்கள் எடுத்துப் பேசி, அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.