கடைக்காரர்களிடம் பேச்சை எப்படித் தொடர்வது? குலசேகரம் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டச் சாமான்கள் விற்கும் நிறுவனத்தில் ஜனவரியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தேன். குலசேகரம், அருமனை, திற்பரப்பு வட்டாரம் என் பொறுப்பு. சொந்த ஊர் தோவாளைப் பக்கம். பூவும் நெல்லும் பார்த்து வளர்ந்தவன், ரப்பர் புதிது.

சரக்கைப் பற்றிக் கேட்டால் நன்றாகவே பேசுவேன். ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட்டை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, ரெயின்கார்டு (பால் வெட்டும் இடம் மழையில் நனையாமல் மரத்தில் கட்டும் மறைப்பு) ஒட்டும் பசை எது என்பதெல்லாம் அத்துப்படி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வருவதில்லை. "யாருக்க மவன்?" என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொன்னால் இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, பேச்சு அங்கேயே படுத்துவிடும். ஆர்டர் பழைய ஆளுக்குப் போகிறது.

விசிட்டிங் கார்டு கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பினேன் (சிலர் பிளாக் செய்துவிட்டார்கள்). நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கும் போனேன்; மேடையில் பேசத்தான் கற்றுக்கொடுத்தார்கள். சீனியர் அண்ணனோடு போனால் எல்லாரும் அவரிடமே பேசுகிறார்கள். காலையில் கடைகளில் ரப்பர் ஷீட் விற்கக் கொண்டுவருபவர்கள் கூட்டம் என்பதால் இப்போது மாலையில் போகிறேன். டீ கிடைக்கிறது, ஆர்டர் இல்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே ரெயின்கார்டு விற்றாக வேண்டும், அதனால் அவசரம்.

கோட்டயம் சந்தையின் ரப்பர் விலை, மழை இரண்டையும் பேசி முடித்த பிறகு, தெரியாத ஊரில் அறிமுகத்தைப் பழக்கமாக்க நீங்கள் அடுத்து என்ன பேசினீர்கள்?