பீடோங் கிளினிக்: டாக்டர் மாறியதிலிருந்து பேனலில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்

கவுண்டர் பொண்ணு (பீடோங், கெடா, மலேசியா)
வணக்கம். இங்கே ஒரு சின்ன கிளினிக்கில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பழைய டாக்டர் வயதாகிவிட்டது என்று கிளினிக்கை ஓர் இளம் டாக்டருக்கு விற்றுவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டார். வந்தவர் கிள்ளானில் வேலை பார்த்தவர். பெயர்ப்பலகைகூட மாறவில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்து ஆட்கள், கம்பெனி கொடுத்த மருத்துவ கார்டோடுதான் வருவார்கள்; பணத்தை கார்டு கம்பெனி எங்களுக்குக் கொடுக்கும். புது டாக்டரைப் பேனலில், அதாவது அவர்கள் பணம் கொடுக்கும் டாக்டர்கள் பட்டியலில், சேர்க்கச் சொல்லி கார்டு கம்பெனிக்கு இரண்டு தடவை விண்ணப்பப் பாரம் அனுப்பினேன். இரண்டு தடவையும் 'ஆவணங்கள் பொருந்தவில்லை' என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ஏபிசி (டாக்டரின் வருடாந்திரத் தொழில் சான்றிதழ்), போராங் பி (கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ்), இன்டெம்னிட்டி காப்புறுதி (சிகிச்சைத் தவறுக்கு வழக்கு வந்தால் உதவும் காப்புறுதி), வங்கிக் கணக்கு எல்லாம் வைத்தேன். எதுதான் பொருந்தவில்லை? போன வாரம் மூன்று பேருக்குப் பழைய டாக்டர் லாகினில் கிளெய்ம் போட்டேன், தடையில்லாமல் போய்விட்டது. பேனல் கிடைக்கும்வரை இப்படியே ஓட்டலாமா?

சிப்புட் அண்ணன்
தங்கச்சி, முதலில் ஏபிசியை எடுத்து அதில் பணியிட முகவரி என்ன இருக்கிறது என்று பாருங்க.

கவுண்டர் பொண்ணு
கிள்ளான் கிளினிக் முகவரி! இத்தனை நாள் நான் தேதியை மட்டும்தான் பார்த்தேன்.

சிப்புட் அண்ணன்
எல்லோரும் அப்படித்தான். டிசம்பர் 31 வரை செல்லும் என்று பார்த்ததும் உறையில் போட்டுவிடுவோம். டாக்டரையே, டாக்டர்களைப் பதிவு செய்யும் மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் இணையத் தளத்தில் நுழைந்து பீடோங் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்க. அவர் லாகினில் நீங்கள் செய்யாதீர்கள்.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்
முகவரி சரி. போராங் பி யார் பெயரில் இருக்கிறது?

கவுண்டர் பொண்ணு
பழைய டாக்டர் பெயரில்தான் ஐயா. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்
அதுதான் பெரிய சிக்கல், கார்டு கம்பெனி அப்புறம். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள் சட்டம், 586 என்பார்கள், 2006இல் அமலுக்கு வந்தது. பதிவில்லாத கிளினிக்கை நடத்தினால் தனி ஆளுக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். கிளினிக்கை விற்றால் மேசை நாற்காலி கை மாறும். சான்றிதழில் இருக்கும் பெயர் தானாக மாறாது. டாக்டர் இன்றைக்கே மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் கிளினிக்குகளைக் கவனிக்கும் பிரிவுக்குப் போன் செய்து, கை மாறிய விஷயத்தைச் சொல்லி வழி கேட்கட்டும். ஏபிசி நகல் கேட்பார்கள், அதனால் முகவரித் திருத்தத்தை முதலில் முடியுங்கள்.

எங்கள் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிராணிக்கு (தோட்டத்து குமாஸ்தாவுக்கு) ஒரு சீட்டு எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சீட்டிலும் மருந்து கொடுத்தவன் பெயர்தான் இருக்கும், இன்னொருவன் பெயர் இருக்காது. அந்த மூன்று கிளெய்மை நீங்களே எழுதித் திரும்பப் பெறுங்கள். நோயாளியைப் பார்க்காத டாக்டர் பார்த்ததாகப் பணம் கேட்பது பொய்க் கணக்கு. எம்.சி.யில் (மருத்துவ விடுப்புச் சீட்டில்) ஒருவர் கையெழுத்து, கிளெய்மில் இன்னொருவர் பெயர், தணிக்கையில் முதல் நாளே மாட்டும்.

சிப்புட் அண்ணன்
ஐயா சொன்னதே சரி. இன்னொன்று, வங்கிக் கணக்கும் பழைய டாக்டர் பெயரில் இருக்குமே? எங்கள் கிளினிக்குக்கு அதில்தான் மூன்றாவது தடவையும் பாரம் திரும்பியது. பேனல் கிடைத்தாலும் தொடக்கத் தேதியை எழுத்தில் கேளுங்க. அதற்கு முன் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசின் பெக்கா பி40 பரிசோதனை செய்கிறீர்கள் என்றால் அது, அந்தத் திட்டத்தை நடத்தும் புரொடெக்ட்ஹெல்த் நிறுவனத்தில் தனிப் பதிவு, அங்கேயும் சொல்ல வேண்டும்.

கவுண்டர் பொண்ணு
டாக்டரிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது, பாவம். உடனே அலோர் ஸ்டாரில் இருக்கும் மாநிலச் சுகாதார இலாகாவுக்குப் போன் செய்தார். பதிவு முடியும்வரை கிளினிக்கைப் பூட்டிவைக்கிறோம். கார்டு கம்பெனிக்கு மூன்று கிளெய்மையும் ரத்து செய்யச் சொல்லி எழுதிவிட்டேன். வங்கிக் கணக்கும் அண்ணன் சொன்ன மாதிரியே பழைய டாக்டர் பெயரில்தான் இருந்தது. தோட்டத்து ஆபீசுக்கும் சொல்லியாகிவிட்டது, ஆட்களை இப்போதைக்கு பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணிக்கு அனுப்புகிறார்கள்.