மறு: ‘ஹிட்டன் ஹியரிங் லாஸ்’ – ‘மறைந்த’ வேண்டாம், ‘பிடிபடா’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செவித்திறன் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும், இரைச்சலுக்கு நடுவே பேச்சு விளங்காமல் போகும் குறையை ஆங்கிலத்தில் ‘ஹிட்டன் ஹியரிங் லாஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டே எழுதுகிறேன். இதுவரை நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன: மறைந்த செவிட்டுத்தன்மை, உள்ளுறை கேட்பிழப்பு, கரந்துறை கேளாமை, எதையும் மாற்றாமல் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதுவது. நான்கிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் பொருளைக் கொஞ்சம் விரித்துவிடுகிறேன். பொருள் தெளியாமல் சொல்லைத் தேடியதால்தான் ‘மறைந்த’ என்ற இடத்திலேயே நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

செவித்திறன் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஓசை புகாத அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கச் செய்து, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதுதான் செவித்திறன் வரைபடம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, 20 டெசிபலுக்குக் குறைவான ஒலியே கேட்டுவிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அமைதியில் ஒரு மெல்லிய ஒலி ‘இருக்கிறதா, இல்லையா’ என்று சொல்வது ஒரு வேலை. இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேசும் சொல் ‘என்ன’ என்று பிரித்தறிவது முற்றிலும் வேறு வேலை. வரைபடம் முதல் வேலையை மட்டுமே அளக்கிறது.

உள்காதின் நத்தைச் சுருளில் ஒலியை நரம்புக்குக் கைமாற்றும் உள்வரிசை மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500 இருக்கின்றன. (மயிர்ச்செல் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும். காதின் வாயிலில் வளரும் முடியைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) செவிநரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள். ஒரு மயிர்ச்செல்லோடு பல இழைகள் வந்து இணைகின்றன. மயிர்ச்செல் செத்தால்தான் செவி கெடும், நரம்பு அதன் பின்னால்தான் கெடும் என்பது நெடுங்காலமாக இருந்த எண்ணம். 2009இல் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. அவர்கள் எலிகளுக்கு 100 டெசிபல் ஓசையை இரண்டு மணி நேரம் கேட்கச் செய்தார்கள். முதலில் செவித்திறன் தாழ்ந்தது. இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிர்ச்செல்கள் அப்படியே இருந்தன. எந்த வரைபடமும் ‘நலம்’ என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் உயர்சுருதிப் பகுதியில் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு போய்விட்டிருந்தது. இணைப்பு அறுந்த நரம்பிழைகளும் அதன்பின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லச் செத்துக்கொண்டே வந்தன.

பாதி போன பிறகும் மெல்லிய ஒலி எப்படிக் கேட்கிறது? நூறு பேர் சேர்ந்து பாடும்போது எண்பது பேர் வாயை மூடிக்கொண்டாலும் பாட்டு நடக்கிறது என்பது தெரியும், வரிகள்தான் தெளியாது. ஓர் ஒலி உண்டு என்று அறிய மிகச் சில இழைகளே போதும். பூனைகளின் செவிநரம்பைப் பகுதி பகுதியாக வெட்டிப் பார்த்து ஷுக்னெக்ட், வோல்னர் இருவரும் 1955லேயே இதைக் காட்டியிருந்தார்கள். போதாததற்கு, முதலில் அறுபடுபவை எல்லா இழைகளும் அல்ல. ஒலி சற்று உரத்த பிறகே வேலை செய்யத் தொடங்கி, சுற்றிலும் இரைச்சல் இருந்தாலும் திணறாமல் தாக்குப்பிடிக்கும் ஒரு வகை இழைகள் உண்டு. அவையே அதிகம் அறுபடுகின்றன என்று 2013இல் விலங்குகளில் கண்டார்கள். இரைச்சலுக்கென்றே இருக்கும் இழைகள் இரைச்சலாலேயே போகின்றன. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர்கள் ரோலன்ட் ஷேட், டேவிட் மக்கல்பைன். ஆண்டு 2011. காதிரைச்சல் (வெளியே ஒலி இல்லாதபோதும் காதுக்குள் ஓசை கேட்பது) இருந்தும் வரைபடம் சரியாக இருந்தவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒலி கேட்கும்போது எழும் மின்னலைகளைப் பதிந்து பார்த்ததில், செவிநரம்பிலிருந்து வரும் முதல் அலை சிறுத்திருந்தது. மூளைத்தண்டின் மேற்பகுதியிலிருந்து வரும் ஐந்தாம் அலை வழக்கம்போல் இருந்தது. வழியில் குறைந்ததை மூளை தானே பெருக்கி ஈடுசெய்கிறது, அந்தப் பெருக்கமே காதிரைச்சலாகக் கேட்கலாம் என்பது அவர்கள் விளக்கம். ஆகவே ‘ஹிட்டன்’ என்ற அடைமொழி வரைபடத்தை நோக்கிச் சொன்னது. வரைபடத்துக்குத் தெரியாத குறை என்பதே அதன் பொருள். குறை உள்ளவருக்கு அது எந்த நாளும் மறைந்திருந்ததில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது.

என் அக்கா பல ஆண்டுகள் இயந்திரங்களின் ஓசைக்கு நடுவே வேலை பார்த்தவர். நான்கு பேர் கூடிப் பேசும் இடத்தில் அவரால் பேச்சைத் தொடர முடியாது. “சத்தமெல்லாம் கேட்கிறது, பேச்சுதான் பிடிபடவில்லை” என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனைக்கு அழைத்துப் போனோம். வரைபடம் சரியாக இருந்தது. காதில் ஒன்றுமில்லை, கவனம்தான் போதவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் அதை நம்பினோம், நானும் நம்பினேன். அதன்பின் அவர் யாரிடமும் முறையிடவில்லை. கூட்டம் கூடும் இடங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு இருப்பது இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரிடம் இதை உறுதிசெய்ய எல்லோரும் ஏற்றுக்கொண்ட சோதனை இன்னும் வரவில்லை. ஆனால் அன்று இப்படி ஒரு குறை உண்டு என்று சொல்ல எங்களிடம் ஒரு சொல் இருந்திருந்தால், அவரை நாங்கள் நம்பியிருப்போம்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘மறைந்த’ என்பதை முன்மொழிந்த மருத்துவ நண்பர் மன்னிக்க வேண்டும். தமிழில் மறைந்த தலைவர் என்றால் காலமான தலைவர். மறைந்த செவிட்டுத்தன்மை என்று ஒரு நாளிதழில் வந்தால், செவிட்டுத்தன்மை போய்விட்டது, குணமாகிவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். அப்படியானால் ‘மறைவான’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று அடுத்த மடலில் ஒருவர் கேட்டிருந்தார். மறைவான நோய் என்றவுடன் வெளியே சொல்லக் கூசும் நோய் என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். ஏற்கனவே சொல்லத் தயங்கும் ஒருவரிடம் போய் அதைச் சொல்லலாமா?

‘உள்ளுறை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்று அது நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் ஊன்றிய இடத்தின் பொருள் கூடவே வரும்: உள்ளே இருக்கிறது, இன்னும் வெளிப்படவில்லை, ஒரு நாள் வெளிப்படும் என்பது. இந்தக் குறை நாளைக்கு வரப்போவது அல்ல. இன்றே, இந்த உரையாடலிலேயே அவரைத் தனிமைப்படுத்திக்கொண்டிருக்கிறது. ‘கரந்துறை’, அதாவது ஒளிந்து தங்கும் என்பது, அழகான சொல்தான். அதை விளக்க இன்னொரு சொல் வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆங்கில ஒலிபெயர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹிட்டன் ஹியரிங் லாஸ் என்று தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் என் அக்காவுக்கு அது ஒரு மருந்தின் பெயர் போலத்தான் இருக்கும்.

அடுத்து பெயர்ச்சொல். செவிட்டுத்தன்மை இங்கே பொருந்தாது. மெல்லிய ஒலியும் கேட்கிற ஒருவரை அப்படி அழைப்பது உண்மைக்கே மாறானது. இழப்பு என்றால் முழுவதும் போனது போல் இருக்கிறது. ‘கேட்பு’ என்ற சொல்லுக்கு வங்கியிலும் காப்பீட்டிலும் வேறு வேலை வந்துவிட்டது. கேட்பு வரைவோலை என்று நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘செவிக்குறை’ சுருக்கமாக இருக்கிறது, குறை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. கவனத்தில் இல்லை, மனத்தில் இல்லை, செவியில் இருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய தேவை இங்கே நிறையவே உண்டு.

ஆகவே என் முன்மொழிவு: பிடிபடாச் செவிக்குறை.

சோதனையில் பிடிபடாத குறை என்பது ஒரு பொருள். பேச்சு பிடிபடாமல் போகும் குறை என்பது இன்னொரு பொருள். இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. பெயரெச்சம் செய்பவனை மட்டும் கொண்டு முடிவதில்லை. கருவி, நிலம், காலம், செய்பொருள் முதலியவற்றையும் கொண்டு முடியும். உண்ட சாத்தன் என்பதைப் போலவே உண்ட கலம் என்பதும் சரி. அந்த வழியில், பிடிபடாததும் இந்தக் குறைதான், பேச்சைப் பிடிபடாமல் செய்வதும் இந்தக் குறைதான். ‘பிடிபடாத’ என்பதன் ஈறு கெட்டு ‘பிடிபடா’ என நிற்பதால், ஓடாக் குதிரை என்பது போல, அடுத்து ச் மிகும். அச்சிடும்போது அந்த ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

அக்காவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “பிடிபடாதது எனக்கா, அவர்களுக்கா?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சொல் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

எழக்கூடிய மறுப்புகள் எனக்கும் தோன்றாமல் இல்லை. நாளைக்கு ஒரு நல்ல சோதனை வந்து இந்தக் குறை பிடிபட்டுவிட்டால் பெயர் பொய்யாகிவிடாதா? ஒரு பொருள் விழுந்தாலும் மற்றது நிற்கும். ‘ஹிட்டன்’ என்பதற்கு அந்த வசதி இல்லை. பேச்சுவழக்கில் புழங்கும் சொல், கலைச்சொல்லுக்குரிய கனம் இல்லை என்றும் சிலர் சொல்லலாம். நோயாளியின் வாயிலிருந்தே வந்த சொல் மருத்துவருக்கு இலேசாகத் தெரிந்தால், அந்த அளவுகோலைத்தான் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். இரைச்சலில் பேச்சு விளங்காமை எல்லா வகைச் செவிக்குறையிலும் உண்டே என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. உண்மைதான். அதனால்தான் ‘இரைச்சலிடைக் கேளாமை’ என்று முதலில் எழுதி வைத்திருந்ததை நானே அடித்துவிட்டேன். வரைபடம் சரியாக இருக்கிறது என்ற செய்தி பெயருக்குள் இருந்தாக வேண்டும். ‘பிடிபடா’ அதைத் தாங்குகிறது.

இன்னொரு நண்பர், இரண்டு பெயர் எதற்கு, காக்ளியர் சினாப்டோபதி (மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் அறுந்துபோவது) என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் கண்டு அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கூடாது. ஹிட்டன் ஹியரிங் லாஸ் நோயாளிக்கு நேர்வது, சினாப்டோபதி உள்காதில் நடப்பது. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. 2017இல் குவோச்சியாங் வான், கேப்ரியல் கோர்ஃபாஸ் இருவரும் எலிகளில் வேறொரு வழியைக் காட்டினார்கள்: இணைப்பு அறாமலேயே, செவிநரம்பைச் சுற்றியுள்ள உறை சில காலம் பழுதுபட்டு மீண்டும் வளர்ந்தாலும், இதே வகைக் குறை நிலைத்துவிடுகிறது. மேலும், மனிதரின் பொட்டெலும்புகளை (உள்காதைக் கொண்ட மண்டையோட்டுப் பகுதியை) இறப்புக்குப்பின் ஆராய்ந்தபோது வயதோடு நரம்பிணைப்புகள் குறைவது தெரிந்தது. ஆனால் இளம் வயதினரிடம் இரைச்சலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கும்போது, அதையே பெயராக எழுதிவிடக் கூடாது.

எனவே நத்தைச் சுருளில் நடப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘செவி நரம்பிணைப்புச் சிதைவு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதில் எனக்கே முழு நிறைவு இல்லை. சிதைவு என்றால் நொறுங்கிக் கிடப்பது போல் தோன்றுகிறது. நடப்பதோ இணைப்பு விட்டுப்போவது. ‘நரம்பிணைப்பு அறுகை’ என்று ஒரு கணம் நினைத்தேன், அறுவை சிகிச்சையோடு குழம்பும் என்று விட்டுவிட்டேன். நரம்பியல் படித்தவர்களும் செவித்திறன் வல்லுநர்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். இந்த இரண்டாவது சொல்லை உங்களிடம் விடுகிறேன். முதல் சொல்லை, முடிந்தால் உங்களிடம் வருபவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று இதே இழையில் எழுதுங்கள். ‘மறைந்த’ என்றும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.