நீளமான ஓட்டு வீட்டில் புது லேப்டாப்புக்கு வைஃபை: பின்கட்டு வரை எட்ட என்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. சம்பா நெல்லுக்குப் பணம் வந்ததும் வீட்டுக்குப் பொதுவாக ஒரு லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11. பிள்ளைகள் படிப்புக்கு, அப்புறம் பட்டா சிட்டா எடுக்க, கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்ய எனக்கும் உதவும். இதுவரை எல்லாமே போன் டேட்டாவில்தான் ஓடியது. லேப்டாப்பை என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் அப்டேட் என்று ஆரம்பித்து, அன்றைக்கான டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதனால் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் இணைப்பு ஒன்று எடுத்திருக்கிறேன்.

சிக்கல் வீட்டில்தான். தாத்தா காலத்து நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிக் கூடம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை. தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும், நூறு அடிக்கு மேல் இருக்கும். இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே, ரேழி ஜன்னலுக்கு மேலே வைஃபை ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

திண்ணையில் 90க்கு மேல் வேகம் காட்டுகிறது. மகள் படிப்பது பின்கட்டு அறையில். அங்கே லேப்டாப்பில் ஒரே ஒரு கோடு, வேகம் இரண்டோ மூன்றோதான். வீடியோ பாடம் ஓடும்போது நடுநடுவே வட்டம் சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. முன்னால் வந்து படி என்று சொல்லவும் மனம் வரவில்லை. டிராக்டர் சத்தம், வருவோர் போவோர், அம்மாவைப் பார்க்க வரும் உறவுக்காரர்கள். மார்ச்சில் பரீட்சை.

கம்பெனியில் கேட்டால் 200க்கு மாறுங்கள், சரியாகிவிடும் என்கிறார்கள். மாறலாமா? அப்புறம், வைஃபை பட்டியலில் எங்கள் பெயர் இரண்டு முறை வருகிறது, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. எதில் சேர்க்க வேண்டும்? மகன் கையில் லேப்டாப் தனியாகப் போகும்போது என்ன பாதுகாப்பு வைக்கலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடந்தைவாசி:

200 வேண்டாம் சார், வீண் செலவு. வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர், பிளக்கில் சொருகுவது, ஒன்று வாங்கி நடுக்கூடத்தில் போடுங்கள். எங்கள் வீட்டு மாடிக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன், போன் பார்க்கப் போதுமானதாக இருக்கிறது.

மன்னைக்காரன்:

அண்ணே, மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. நீங்கள் சொல்லும் மாதிரி வீடுகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் திட்டத்தை மாற்றாதீர்கள். திண்ணையில் 90 காட்டுகிறது என்றால், நீங்கள் காசு கொடுத்த வேகம் வீட்டுக்குள் ஒழுங்காக வந்துவிட்டது. 200 எடுத்தால் திண்ணையில் கூடும், பின்கட்டில் அதே இரண்டும் மூன்றும்தான். தலைமடையில் எவ்வளவு திறந்தாலும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காயத்தானே செய்யும்? உங்கள் வீட்டில் தூர்ந்திருக்கும் இடம் ரேழிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர்கள். அந்தக் காலத்துச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து ஒன்றரை அடி கனம் வரும். வைஃபை அலை ஒரு சுவரைத் தாண்டும்போதே மெலிந்துவிடும், மூன்றைத் தாண்டிப் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பட்டியலில் வரும் இரண்டு பெயர்களும் ஒரே பெட்டியில் இருந்து வருபவைதான். 5ஜி என்று இருப்பது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை, போன் சிம்மின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். 5 வேகமாக ஓடும், ஆனால் சுவர் தாண்டாது. 2.4 மெதுவாகப் போனாலும் சுவரை ஓரளவு துளைக்கும். பெட்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தால் 5, சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் 2.4. இப்போதைக்குப் பின்கட்டில் லேப்டாப்பை 2.4இல் போட்டுப் பாருங்கள், வீடியோவின் தரத்தையும் 480க்கு இறக்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை மகளுக்கு அது கை கொடுக்கும்.

சரி, நிரந்தரமாக என்ன செய்வது? உங்கள் வீட்டின் பெரிய வசதியே முற்றம்தான். மேலே திறந்த வெளி, நான்கு பக்கமும் தூண், குறுக்கே சுவர் இல்லை. பெட்டியை ரேழியில் இருந்து எடுத்து, கூடத்தில் முற்றத்தைப் பார்த்த மாதிரி ஆறேழு அடி உயரத்தில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் சாரல் எங்கே வரை தெறிக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களைக் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். இரும்பு பீரோவுக்கு மேலேயோ டிவிக்குப் பின்னாலேயோ, ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்திலோ வேண்டாம். இரும்பும் கண்ணாடியின் ரசப்பூச்சும் அலையைத் திருப்பி அடித்துவிடும்.

பெட்டியை நகர்த்தும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம், கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். அந்த மெல்லிய மஞ்சளோ வெள்ளையோ வயருக்குள் இருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. மூலையில் சட்டென்று மடித்து ஆணி அடித்தால் வெளிச்சம் அங்கேயே கசிந்துவிடும். வளைவு ஒரு டம்ளர் வாய் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இத்தனை செய்தும் பின்கட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு சுவர் மிச்சம் இருக்கும். இங்கேதான் குடந்தை அண்ணன் சொன்னதில் இருந்து நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ரிப்பீட்டர் காற்றில் வாங்கிக் காற்றிலேயே அனுப்புகிறது. விலை குறைந்தவற்றில் ஒரே ரேடியோ இரண்டு வேலையும் பார்ப்பதால் வேகம் பாதியாகிவிடும். போன் பார்க்கப் போதும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அதை நம்பி வைக்க வேண்டாம். பெட்டியின் லேன் துளையில் இருந்து பின்கட்டு அறை வரை கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றைத் தாழ்வார உத்தரத்தை ஒட்டியே இழுத்து, அந்த முனையில் சாதாரண ரவுட்டர் ஒன்றை வையுங்கள். அதன் அமைப்பில் அக்சஸ் பாயிண்ட் மோட் என்று இருக்கும், கேபிளில் வரும் நெட்டை அப்படியே வைஃபையாகக் கொடுக்கும் முறை அது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பெயரும் பாஸ்வேர்டும் முன்னால் இருக்கும் பெட்டியில் உள்ளதையே கொடுங்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அதுவாக மாறிக்கொள்ளும். 2.4இல் முன்னதற்குச் சேனல் (அலைவரிசை எண்) 1, பின்னதற்கு 11 என்று வைத்தால் ஒன்றை ஒன்று இடிக்காது.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசியதையும் கேட்-6 என்றே விற்கிறார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், அது வேண்டாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், உங்கள் வீட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள்.

நம் பக்கத்து விஷயம் ஒன்று. அறுப்பு முடிந்து நெல் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கும் வழக்கம் இருந்தால், பெட்டிக்கும் அறைக்கும் நடுவில் அடுக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்தில் ஒரு மூட்டைக்குள் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். அடுக்கிய வாரத்தில் நெட் போய்விட்டது என்று எனக்குப் போன் வரும், போய்ப் பார்த்தால் மூட்டை ஆளுயரத்துக்கு நிற்கும்.

அப்புறம் தெருவில் இருந்து வரும் கேபிள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரியும் போகும் தெரு என்றால், ஏற்றிக் கட்டச் சொல்லி இப்போதே கம்பெனியிடம் கேளுங்கள். தை, மாசியில் எங்களுக்கு வரும் புகாரில் பெரும்பாலும் அப்படி அறுந்ததுதான். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் வெளிச்சம் வந்து சேரவில்லை, பெரும்பாலும் வெளியே கேபிள் அறுந்திருக்கிறது என்று பொருள். பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதில் பலன் இல்லை, நேராகப் புகார் கொடுத்துவிடுங்கள்.

வேதாரண்யம் டீச்சர்:

தம்பி சொன்னது அத்தனையும் சரி. பிள்ளைகள் பக்கத்தில் இருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

லேப்டாப்பில் ஒரே கணக்கில் எல்லோரும் நுழைய வேண்டாம். உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்குத் தனியாக ஒன்று. மகனுடையதை மைக்ரோசாஃப்டின் குடும்பப் பாதுகாப்பில் பிள்ளைக் கணக்காகச் சேர்த்தால் எத்தனை மணி நேரம் என்று நீங்கள் வரையறுக்கலாம், வேண்டாத தளங்களைத் தடுக்கலாம். ஆனால் அந்தத் தளத் தடுப்பு எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும், மற்ற பிரவுசரை மகன் கணக்கில் நிறுத்திவிடுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை வைத்து முகவரியைத் தேடித் தரும் சேவை, மாற்ற வழி இருந்தால் 1.1.1.3 என்று கொடுங்கள். கிளவுட்ஃபிளேர் 2020இல் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை அது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் வீட்டு வைஃபையில் சேரும் கருவிகளில் பெரும்பாலும் திறக்க விடாது. பெட்டியை உங்கள் கம்பெனி பூட்டி வைத்திருந்தால் லேப்டாப்பில் மட்டுமாவது கொடுக்கலாம். இதையெல்லாம் மகனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்குக் காரணம் சொன்னால் புரியும்.

பாஸ்வேர்டு விஷயம். மாட்டியவர் போட்டுக் கொடுத்ததை இன்றே மாற்றுங்கள், போன் நம்பரை வைக்காதீர்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள், அதன் ரகசிய எண்ணை (PIN) உடைக்கலாம் என்று 2011லேயே வெளியே வந்துவிட்டது. ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்ற மறக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாகத் திறந்து கொடுங்கள், மனம் நோகாமல் முடிந்துவிடும்.

கரண்ட் போனால்? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரை ஏறியது. கம்பமெல்லாம் சாய்ந்து டெல்டா இருட்டில் கிடந்ததை நேரில் பார்த்தவள். அந்த அளவுக்கு எதுவும் தாங்காது, உண்மை. அன்றாட மின்தடைக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள்.

மன்னைக்காரன்:

டீச்சர் சொன்ன யுபிஎஸ் நல்ல யோசனை. ஃபைபரில் கம்பெனி ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெளிச்சத்தைப் பிரிக்கும் பெட்டிகளுக்குக் கரண்டே வேண்டாம். அதனால் ஆபீஸ் பக்கம் ஜெனரேட்டரோ பேட்டரியோ ஓடினால், உங்கள் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் வரும். உள்ளூர் இணைப்பில் சில இடங்களில் நடுவில் கம்பத்தில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருப்பார்கள், அவர்களிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்கட்டு ரவுட்டருக்கும் ஒரு யுபிஎஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியைக் கூடத்துத் தூணுக்கு மாற்றியாயிற்று. வந்த ஆளிடம் டம்ளர் வாய் அளவு வளைவைச் சொன்னதும் அவரும் சரியென்று பெரிய வளைவாக விட்டுக் கொடுத்தார். கேபிளையும் இழுத்துவிட்டோம், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் சுருளைச் சுரண்டியதும் வெள்ளையாகத் தெரிந்தது, வேறு வாங்கினேன். பின்கட்டில் லேப்டாப் 5இல் 85 வரை காட்டுகிறது. மகள் நேற்று ராத்திரி இயற்பியல் பாடம் ஒன்றை நிற்காமல் பார்த்து முடித்தாள். மகனிடம் உட்கார்ந்து பேசினேன், ஒன்றரை மணி நேரம் என்று அவனே சொன்னான்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கொல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையில் ஒரு கேமரா வைக்க ஆசை. மீதி இருக்கும் கேட்-6ஐயே வெளியே தென்னையில் கட்டி இழுத்துவிடலாமா?

மன்னைக்காரன்:

வேண்டாம் அண்ணே. திறந்த வெளியில் மரத்துக்கு மரம் தொங்கும் செம்புக் கம்பி ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஆபத்து. பக்கத்தில் மின்னல் இறங்கினாலே அதன் அதிர்ச்சி கம்பி வழியாக ரவுட்டருக்கும் லேப்டாப் சார்ஜருக்கும் வந்துவிடும். தென்னை மட்டை விழுந்து அறுவது வேறு. கொட்டகை பின்கட்டு ஜன்னலில் இருந்து நேராகத் தெரியும் என்றால், ரவுட்டரை அந்த ஜன்னல் ஓரமாக நகர்த்திக் கேமராவை 2.4இல் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் எட்டும். எட்டாவிட்டால் இரும்புக் கம்பி சேராத ஃபைபர் வயரை இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைத்து இழுக்கலாம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. தூரம் எவ்வளவு என்று அளந்து இங்கேயே போடுங்கள், எவ்வளவு வயர் வேண்டும் என்று சொல்கிறேன்.