கணக்கு நோட்டுக்கு அடுத்த இங்க் பேனா: எது வாங்கலாம்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில கணக்கு எழுதுறேன். நாள் முழுக்க எழுத்துதான். பால்பாயிண்ட்டை அழுத்தி அழுத்தி விரல் நடு மூட்டு காய்ச்சுப் போச்சு. அதனால சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட ஒரு இங்க் பேனா வாங்கினேன். 200 ரூபாய் சொச்சம், கம்பெனி பேர் வேண்டாம். மீடியம் நிப், ஃபில்லரால உடம்புக்குள்ளயே மை ஊத்துற ரகம்.

மை பாதிக்குக் கீழ இறங்கினதும் நிப்புல சொட்டு திரண்டு நிக்குது. உள்ள இருக்குற காற்று கைச்சூட்டுல விரிஞ்சு மையைத் தள்ளுதாம். மதுரை வெயிலுக்குக் கேக்கணுமா! வெள்ளைச் சட்டை பாக்கெட்டு எல்லாம் நீலம். லெட்ஜர் தாளும் மட்டம். 8-ம் 6-ம் ஊறி ஒண்ணாத் தெரியுது, கூட்டிப் பார்க்குற முதலாளி என்னையத்தான் முறைக்கிறார்.

வெதுவெதுப்பான தண்ணியில நிப்பை ராத்திரி பூரா ஊறப் போட்டாச்சு. மரையில கிரீஸ் தடவியாச்சு. மையை ப்ரில் ராயல் புளூவுக்கு மாத்தியாச்சு. எப்பவும் முழுசா நிரப்பி வச்சா கொஞ்சம் தேவலை, ஆனா வியாபார நேரத்துல யார் ஊத்திக்கிட்டு இருக்குறது?

இனி கன்வெர்ட்டர் பேனாதான், அதாவது மையை உறிஞ்சி வச்சுக்கிற சின்னக் குழாய் உள்ள இருக்குற ரகம். 3,000 வரை போடலாம். ஜப்பான் ஃபைன் நிப், ஜெர்மன் ஃபைன் நிப்பைவிட மெல்லிசா எழுதும்னு தெரியும். ஜெர்மன் பேனா லாமி சஃபாரியோட முக்கோணப் பிடியும் பிடிச்சிருக்கு.

மட்டமான தாள்ல பொடி எண் எழுத ஜப்பான் கம்பெனி பைலட்டோட மெட்ரோபாலிடன் ஃபைனா, லாமி சஃபாரி எக்ஸ்ட்ரா ஃபைனா?